பிரிக்காத பொட்டலம்

பொன்னையா பூக்கட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் அவர் குடியிருந்த தோட்டத்தின் பணிய லயம் என்கிற கீழ்க் குடியிருப்பு வரிசையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் மாரியம்மன் கோயிலுக்கு முழுநேரப் பூசாரி. கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா, மாட்டை விற்கலாமா, பெண்ணைக் கொடுக்கலாமா என்று எது முளைத்தாலும் சனம் அவரிடம் வந்து நிற்கும். அவர் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட வேண்டும். கேட்டும் ஆயிற்று, அவள் சொல்லியும் ஆயிற்று, அப்புறம் மற்றதையும் பிரித்துப் பார்ப்பது அம்மனையே சந்தேகப்படுவதாகும் என்பது அந்த லயத்து வழக்கம்.

பூசாரி பூவில் கை வைக்கமாட்டார் என்பதற்கு அவருடைய சொந்த மகளே சாட்சி. ஜெயந்தினிக்கு நானுஓயாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. நிரந்தர வேலை, குடி கிடையாது, ஆளும் மூக்கும் முழியுமாக இருந்தான். பொன்னையாவின் மனைவி நாகலெட்சுமி மனதுக்குள் மாலை மாற்றி, பந்தி வைத்து, தாம்பூலமும் கொடுத்து முடித்துவிட்டாள். பூவோ சிவப்பு வந்தது. “மடிச்சது நீங்கதானே, எதுல எதுன்னு தெரியாமலா இருக்கும்? புள்ளைக்கு ஒரு கண்ணக் காட்டியிருந்தா வெள்ளைய எடுத்திருக்குமே” என்று அவள் மூக்கைச் சிந்தினாள். பொன்னையா அசையவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். ஒரு மாதம் நாகலெட்சுமி அவரிடம் வாய் திறக்கவில்லை. சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தம் மட்டும் பக்கத்து வீட்டுக் காம்பரா வரைக்கும் கேட்டது. பிறகு கினிகத்தேனையில் கடை வைத்திருக்கிற விஜேந்திரன் வந்தான், வெள்ளை வந்தது, ஜெயந்தினி இப்போது இரண்டு பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள். அதிலிருந்து பூசாரியின் பேச்சு என்றால் அம்மன் பேச்சு என்றே ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த ஐப்பசி மழை சோதனை வைத்தது.

மழை பிடித்த நாளிலிருந்து விடவேயில்லை. லயத்துக்குப் பின்னால் மலை, மலை முழுக்கத் தேயிலை, தேயிலைக்கு நடுவில் ஒரு வெடிப்பு. போன வருடம் விரல் நுழைகிற அளவில் இருந்தது, இப்போது கால் நுழைகிறது. கொழுந்தெடுக்கப் போகிற எல்லோருமே அதைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். பார்க்காதவர் யாரும் இல்லை, அதைப் பற்றிப் பேசியவரும் இல்லை. நான்காம் நாள் காலையில் கிராம சேவகர் குடையோடு வந்தார். மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோர் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, எல்லோரும் இன்றைக்கே கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொன்னார்.

தலைவர் செல்லசாமி முன்னால் வந்தார். நாகலெட்சுமியின் தம்பி. தொழிற்சங்கத்தில் தலைவரானதிலிருந்து வீட்டில் பேசுவதும் கூட்டத்தில் பேசுவது போலவே ஆகிவிட்ட மனிதர்.

“மல விழுமா விழாதா? ஒன்னு சொல்லுங்க மாத்தயா.”

கிராம சேவகர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். விழும் என்று தன்னால் சொல்ல முடியாது, விழாது என்றும் சொல்ல முடியாது என்றார்.

“அது எங்களுக்கே தெரியுமே” என்றார் செல்லசாமி. சிரிப்பு எழுந்தது. கிராம சேவகருக்கு இன்னும் நாலு லயத்துக்குப் போக வேண்டியிருந்தது, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சனத்தையும் குறை சொல்வதற்கில்லை. போன வருடம் இரண்டு தடவை இப்படி இறங்கினார்கள். முதல் தடவை திரும்பி வந்தபோது மலை இருந்தது, மூன்று வீட்டு கேஸ் சிலிண்டர் இல்லை. இரண்டாம் தடவை பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் படுத்துப் பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். புலி வருது புலி வருது என்று எத்தனை தடவைதான் ஓடுவது? போதாக்குறைக்கு, லயத்தை விட்டு இறங்கினால் இனி ஏறவிடமாட்டார்கள், காம்பராவை எழுதி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சும் உலவியது.

கடைசிக் காம்பராவில் இருந்த மீனம்மாவுக்கு வேறு கவலை. புருஷன் போன பிறகு அவளுக்கு உறவு, உழைப்பு, பேச்சுத்துணை எல்லாமே ஒரு பசுமாடுதான். அது அன்றைக்கோ நாளைக்கோ என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற படிக்கட்டு மழையில் சறுக்கு மரமாகிக் கிடந்தது. மனுசரே உட்கார்ந்து இறங்க வேண்டிய பாதையில் சினை மாட்டை எப்படி இறக்குவது?

“நீங்க போங்க. நான் மாட்டோட இருந்துக்கிறேன்” என்றாள்.

அவள் இருந்தால் தானும் இருப்பேன் என்றார் ஒருவர். பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்று அழுதாள் ஒருத்தி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மத்தியானம் வரை லயமே நின்றது. கடைசியில் செல்லசாமிதான் வழி சொன்னார்.

“எதுக்கு நாங்க அடிச்சிக்கணும்? அம்மாகிட்ட கேப்போம். போகச் சொன்னா போறோம், இருக்கச் சொன்னா இருக்கோம். பூவக் கட்டுங்க மச்சான்.”

எல்லோருக்கும் முகம் தெளிந்தது. முடிவெடுக்கிற பாரத்தைத் தலையிலிருந்து இறக்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது? பொன்னையாவுக்கு மட்டும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. பாரம் இறங்கவில்லை, கைமாறி அவர் கைக்கு வந்திருந்தது.

அவர் கருவறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். பூத்தட்டில் கிளாக்கர் ஐயா வீட்டு ரோஜாக்கள் கிடந்தன, சிவப்பும் வெள்ளையுமாக. பழைய பத்திரிகைக் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். வெள்ளையை ஒன்றில் வைத்து மடித்தார். சிவப்பைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சிவப்பு வந்தால்? வெளியே போய், எல்லோரும் இருங்கள், அம்மா சொல்லிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் இருப்பார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் இருப்பார்கள். ஜெயந்தினியின் கல்யாணம் அவர் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் தயங்கவில்லையே. அந்தப் பையன் போனால் இன்னொரு பையன் வருவான் என்பதால்தான் தயங்கவில்லை என்று இப்போது அவருக்குப் புரிந்தது. கொழும்பு வேலையும் அப்படித்தான், மாடு விற்கிற காரியமும் அப்படித்தான். வெள்ளையோ சிவப்போ, எது வந்தாலும் மனுசன் விழுந்து எழுந்து பிழைத்துக்கொள்வான். அப்படிப்பட்டதைப் பூவிடம் கேட்கலாம். இங்கே அப்படியா? போய், மலை விழாவிட்டால் வெட்கம், சளி, சிலிண்டர். போகாமல் இருந்து மலை விழுந்துவிட்டால் வெட்கப்படுவதற்குக்கூட ஆள் மிஞ்சாது. மலை விழுமா என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் அதைப் பூவிடம் விட அவருக்கு மனம் வரவில்லை.

“ஒன்ன நம்பாம இல்ல தாயே” என்று முணுமுணுத்தார். “எங்கள நம்பித்தான் நீ கண்ணும் காலும் குடுத்திருக்க. அந்த வெடிப்ப நான் பார்த்துட்டேனே.”

சிவப்பு ரோஜாவை வேட்டி மடியில் செருகிக்கொண்டு, இரண்டாவது காகிதத்திலும் வெள்ளையையே வைத்து மடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அம்மன் முகத்தைப் பார்க்காமல் திரையை விலக்கினார்.

செல்லசாமியின் பேத்தி தக்ஷிகாவைக் கூப்பிட்டார்கள். அது ஈரத் தலையோடு வந்து, கொஞ்சம் யோசித்து, இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தது. வெள்ளை. கூட்டம் கலைந்து ஓடியது. பாயைச் சுருட்டு, பிள்ளையைத் தூக்கு, அடையாள அட்டையை எடு என்று லயம் முழுக்க ஒரே சத்தம். பொன்னையா வீடு வீடாகப் போய் அவசரப்படுத்தினார். மீனம்மா மட்டும் துடைப்பத்தோடு கோயில் வாசலில் நின்றிருந்தாள்.

“நீங்க போங்கண்ணே. கோயிலக் கூட்டிட்டு வந்திர்றேன்.”

வரமாட்டாளோ என்று அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்து, மடியிலிருந்து கசங்கிய சிவப்பு ரோஜாவை யாருக்கும் தெரியாமல் எடுத்தபோதுதான் அவருக்குப் பகீரென்றது. எடுக்காத பொட்டலம் அம்மன் காலடியிலேயே கிடக்கிறது. இருந்த அவசரத்தில் ஆற்றில் விட மறந்துவிட்டார். யாராவது பிரித்தால் தீர்ந்தது கதை. திரும்பப் போகவும் வழியில்லை, பாதையில் கயிறு கட்டி ஆள் போட்டிருந்தார்கள். மீனம்மாவும் மறுநாள் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள், விடவில்லை. அவள் பள்ளிக்கூடப் படியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொன்னையா அவள் பக்கமே போகவில்லை.

மூன்று நாள் கழித்து வெயில் அடித்தது. எல்லோரும் ஏறிப் போனார்கள். மலை இருந்த இடத்திலேயே, குளித்து முழுகினது போலப் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை. பொன்னையா நேரே கோயிலுக்குள் ஓடினார். பொட்டலத்தைக் காணோம். எலி இழுத்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் கடைசிக் காம்பராப் பக்கமிருந்து மீனம்மாவின் குரல் வந்தது.

மாடு தனியாகக் கன்று ஈன்றிருந்தது. கன்று தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, எழ முடியாமல் செத்துக் கிடந்தது. பெண் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கையால் தூக்கிவிட்டிருக்கலாம். மாடு கானையே முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு லயத்தில் யாரும் நேரடியாக எதுவும் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை. “அம்மா நம்மள மூனு நாளு பெஞ்சில படுக்க வச்சி வேடிக்க பார்த்துட்டா” என்று செல்லசாமி பீலிக்கரையில் சொல்ல, குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அம்மனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது, அதற்குக் காரணம் தான் என்பதைப் பொன்னையாவால் பொறுக்க முடியவில்லை. பூசையின்போது தீபத்தை அம்மன் பாதத்துக்குக் காட்டுவார், முகத்துக்குக் காட்டும்போது தன் கண்ணை மூடிக்கொள்வார்.

தான் செய்தது தப்பா என்று மிச்ச ஐப்பசி முழுக்க அவர் யோசித்தார். மலை விழுந்திருந்தால் இந்நேரம் ஊரே காலில் விழுந்திருக்கும். விழாததால் கோமாளியாகிவிட்டார். ஆனால் இரண்டிலும் அவர் செய்தது ஒரே காரியம்தானே? அதே மழை, அதே வெடிப்பு, அதே தெரியாத்தனம் திரும்ப வந்தால் திரும்பவும் அதைத்தான் செய்வார். இதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாடு கத்துகிற சத்தம் கேட்கும்போது இந்த நியாயமெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மீனம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவார், அவள் வீட்டு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பீலிக்குப் போகிறவர் போலத் திரும்பிவிடுவார். அவளோ வழக்கம்போலக் கோயிலைக் கூட்டினாள், வழக்கம்போலப் பூசைக்குப் பால் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பாலைத் தொடவே அவருக்குக் கூசியது.

கார்த்திகையில் மழை மறுபடியும் பிடித்தது. இரண்டாம் நாளே வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கிராம சேவகர் அதே குடையோடு வந்தார், அதையே சொன்னார், அவர் முகத்திலேயே நம்பிக்கையில்லை. லயமும் அதே மாதிரி கோயில் முன்னால் கூடியது.

“என்ன மச்சான், பூவக் கட்டுவோமா?” என்றார் செல்லசாமி. “இந்தத் தடவையாச்சும் அம்மா நெசத்தச் சொல்றாளான்னு பார்ப்போம்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பொன்னையா எழுந்து நின்றார்.

“பூ கட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“அம்மாவ யாரும் ஒன்னும் சொல்லாதீங்க. போன தடவ அவ ஒன்னுமே சொல்லல. நான்தான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைய வச்சேன்.”

முதலில் வாய் திறந்தது நாகலெட்சுமிதான்.

“பெத்த மகளுக்கு ஒரு கண்ணக் காட்டமாட்டேன்னீங்க” என்றாள். அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் செல்லசாமி. “சாமிகிட்ட கேக்கவே விடாத பூசாரிய இப்பதான் பார்க்கிறேன். எங்கள விடுங்க மச்சான். அந்தப் பொம்பளயோட கன்னுக்குட்டிக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?”

பொன்னையா கூட்டத்தைத் தாண்டி மீனம்மாவைத் தேடினார். அவள் எல்லோருக்கும் பின்னால், கையில் மாட்டுக் கயிற்றோடு நின்றிருந்தாள். மாடும் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றது.

“மன்னிச்சிரு தங்கச்சி” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணே” என்றாள் மீனம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“கோயிலக் கூட்டுறப்ப அந்தப் பொட்டலம் அங்கயே கெடந்துச்சு. அண்ணே மறந்துட்டாரு, நாமளாச்சும் ஆத்துல விடுவோம்னு எடுத்துக்கிட்டு எறங்குனேன். மழையில காகிதம் நனைஞ்சி பிஞ்சிருச்சி. நான் பிரிக்கல, அதுவாதான் பிரிஞ்சிச்சி. பார்த்தா உள்ளயும் வெள்ள.”

“தெரிஞ்சுமா மாட்ட விட்டுட்டுப் போன?” என்றார் செல்லசாமி. “ஒனக்கென்ன பைத்தியமா?”

“அது தெரிஞ்சதாலதான் போனேன். பூ வெள்ளன்னு சொன்னப்ப நான் போறதா இல்ல. கோயிலக் கூட்டுறேன்னு சொன்னதெல்லாம் சும்மா, எல்லாரும் எறங்குனதும் மாட்டுப் பட்டியில போயி இருந்துக்கலாம்னுதான் நின்னேன். அப்பதான் இது கைக்கு வந்துச்சு. சொந்த மக கல்யாணத்துக்கே அம்மா முன்னால பொய் சொல்லாத மனுசன். அவரே அம்மா காலடியில பொய்ய வச்சிருக்காருன்னா, அவரு எம்புட்டு பயந்திருக்கணும்? அந்தப் பயம் எனக்கும் புடிச்சிக்கிச்சு. பூவ ஆத்துல விட்டேன், மாட்டுக் கயித்த அவுத்து விட்டேன், ஓடி வந்தேன்.”

பொன்னையா இத்தனை நாளும் அவள் கொண்டுவந்து வைத்த பாலை நினைத்துக்கொண்டார்.

“கன்னுக்குட்டி போனது இன்னைக்கும் வயிறு எரியுதுதான்” என்றாள் மீனம்மா. “இல்லன்னு சொல்லல. ஆனா அதையும் இதையும் ஒன்னா முடிச்சுப் போடாதீங்க. மாட்ட முன்னாலயே எறக்காதது நான் விட்ட பெசகு. அதான் இப்பவே புடிச்சிக்கிட்டு வந்துட்டேன். படி வழுக்குறதுக்குள்ள எறங்கணும், நான் போறேன்.”

அவள் கயிற்றை இழுத்தாள். மாடு ஒரு தடவை பட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது.

செல்லசாமி மலையைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். அம்மனும் சொல்லாமல், பூவும் வராமல், கிராம சேவகருக்கும் நிச்சயமில்லாமல் ஒரு முடிவை எடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

“சரி, போறோம். போயி, மறுபடியும் ஒன்னும் விழலன்னா?”

மீனம்மா திரும்பாமலே சொன்னாள்.

“திரும்பி வருவோம்.”

செல்லசாமி குனிந்து தக்ஷிகாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டு, அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நாகலெட்சுமி ஏற்கெனவே பாயைச் சுருட்ட வீட்டுக்குப் போயிருந்தாள். பொன்னையா கருவறைக்குள் போய், அன்றைக்கு அம்மன் முகத்துக்கு நேரே நின்று தீபம் காட்டினார். பிறகு கோயிலைப் பூட்டிவிட்டு, மீனம்மா வாசலில் கட்டி வைத்திருந்த புல்லுக்கட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் படியிறங்கினார்.